வெள்ளிக்கிழமை மாலை அழைப்பது யார்?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. அல்ஜுனிட் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து கேலாங் சாலையை நோக்கி நடக்கிறார் ஓர் இளைஞர். வயது 20. போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவந்து மூன்று மாதம் ஆகிறது. கிடங்கு வேலைக்கான முதல் முழுச் சம்பளம் அன்றுதான் வங்கிக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. கைப்பேசி ஒலிக்கிறது. "டேய், எங்கே இருக்கே? லோரோங் பக்கம் வா, எல்லாரும் இங்கேதான் இருக்கோம்" என்கிறது பழைய நண்பரின் குரல்.

இது எந்தத் தனி மனிதரின் கதையும் அன்று. போதைப் பழக்கத்திலிருந்து மீளும் இளையர் பலரும் சந்திக்கக்கூடிய கட்டம். அதே மாலையில், "தம்பி, சாப்பிட்டாச்சா? நாளைக்குக் காலையில வேலை இருக்குல்ல, வா, சேர்ந்து சாப்பிடுவோம்" என்று அழைக்க இன்னொருவர் இருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடியலாம். அப்படி அழைப்பவரே வழிகாட்டி. ஆனால் அந்த அழைப்புக்கும் செலவு உண்டு. அதை யார் ஏற்பது?

பிரச்சினை எவ்வளவு பெரியது?

2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு ஆண்டுக்கு 3,100க்கும் மேற்பட்ட போதைப்புழங்கிகளைக் கைது செய்தது. முதன்முறையாகப் பிடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 30 வயதுக்குட்பட்டவர்கள். மின்சிகரெட் வழியாகப் பரவிய எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து, 2025 செப்டம்பர் 1 முதல் 'சி' பிரிவுப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது. கேலாங் சந்துகளில் இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் சட்டவிரோதமாக விற்கப்படுவதைத் தடுக்க, சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை சோதனை நடத்தியிருக்கிறது.

கேலாங்கிற்கு இன்னொரு முகமும் உண்டு. சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் வெளிவருவோர் தங்கிச் சீரடைவதற்காக, ஹைபாயிண்ட் என்ற இடைக்கால மறுவாழ்வு இல்லம் லோரோங் 23ல் பல ஆண்டுகள் இயங்கி வந்துள்ளது. விழுவதற்கான வழியும் எழுவதற்கான வழியும் சில நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் வட்டாரம் இது.

வழிகாட்டி என்ன செய்கிறார்?

2019ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளிவருவோர் ஐந்தாண்டு வரை மேற்பார்வையில் இருக்கலாம். சோதனைக்கு வரச் சொல்வது அதிகாரியின் வேலை. மனநல ஆலோசகரைப் பார்க்க நேரம் குறித்துப் போக வேண்டும். வழிகாட்டி இவ்விருவரின் இடத்தையும் பிடிப்பவர் அல்லர். வேலை நேர்காணலுக்குக் கூட வருபவர், பேசாமலிருக்கும் அப்பாவிடம் பேச உதவுபவர், வார இறுதியில் எங்கே இருக்கிறாய் என்று கேட்பவர். பெரும்பாலும் தொண்டூழியர்.

இதனால் பலன் உண்டா? 1904ல் நியூயார்க் நகரில் வேர்விட்ட 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' திட்டத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1995ல் அறிக்கை வெளியிட்டார்கள். 10 முதல் 16 வயதுள்ள 959 பேர் ஆய்வில் பங்கெடுத்தார்கள். 18 மாதங்களுக்குப் பிறகு பார்த்தபோது, வழிகாட்டி அமைந்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 விழுக்காடு குறைவாக இருந்தது. மதுவைத் தொடங்கும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவு. இது பழக்கம் தொடங்காமல் தடுப்பதைப் பற்றிய ஆய்வு. ஏற்கெனவே பழகியவர்களுக்கு வழிகாட்டியுடன் சிகிச்சையும் தேவை.

அதே விவரங்களை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் மீண்டும் ஆராய்ந்து 2002ல் எழுதியது இன்னும் முக்கியமானது. உறவு ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களுக்கே அதிகப் பலன். மூன்று மாதத்திற்குள் முறிந்துபோன பிள்ளைகளிடம் தன்மதிப்பு குறைந்திருந்தது. பாதியில் விடப்படும் திட்டம் பயனற்றுப் போவது மட்டுமல்ல, தீங்கும் செய்யலாம். 'இவரும் போய்விட்டார்' என்ற எண்ணம், ஏற்கெனவே பலரால் கைவிடப்பட்ட இளையருக்கு இன்னோர் அடி.

தொண்டூழியத்திற்கு எதற்குப் பணம்?

தொண்டூழியர் சம்பளம் வாங்குவதில்லை. ஆனால் அவரது பின்னணியைச் சரிபார்க்க, பயிற்சி தர, பொருத்தமான இளையருடன் இணைக்க, சிக்கல் வந்தால் இரவு பத்து மணிக்கும் தொலைபேசியை எடுக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருங்கிணைப்பாளருக்கு மாதச் சம்பளம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், முதலாளி செலுத்தும் 17 விழுக்காடு மத்திய சேமநிதியுடன் ஆண்டுக்கு 56,160 வெள்ளி ஆகும். பயிற்சி, போக்குவரத்துச் செலவுகளைச் சேர்த்தால் சுமார் 60,000 வெள்ளி. அவர் 25 இணைகளைக் கவனித்தால், ஓர் இளையருக்கு மாதம் 200 வெள்ளி. அந்தப் பணம் இரண்டாம் ஆண்டும் வந்தால்தான் உறவு இரண்டாம் ஆண்டும் நீடிக்கும்.

பணம் வரும் வழிகள்

வழிகள் இல்லாமல் இல்லை. 2004ல் அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன் மஞ்சள் நாடா இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் மஞ்சள் நாடா நிதியும் அமைந்தது. இந்திய ஊழியர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டா நிதிக்குச் செல்கிறது. இந்து அறக்கட்டளை வாரியம் 1999ல் ஆசிரமம் என்ற மறுவாழ்வு இல்லத்தைத் தொடங்கியது. தகுதிபெற்ற அறநிறுவனங்களுக்கு 2026 இறுதிவரை தரப்படும் நன்கொடைக்கு, கொடுத்த தொகையைப் போல் இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு.

சிக்கல், பணம் கொடுக்கப்படும் விதத்தில் இருக்கிறது. முகாம், ஓட்டம், விருந்து போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கு ஆதரவு திரட்டுவது எளிது. ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்திற்குக் கேட்டால் 'நிர்வாகச் செலவா?' என்று தயங்குவார்கள். 2005ல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்த பிறகு அந்தத் தயக்கத்தைக் குறை சொல்லவும் முடியாது. கணக்குக் கேட்பது நன்கொடையாளரின் உரிமை. ஆனால் வழிகாட்டுதல் திட்டத்தில் அந்த ஊழியரின் நேரம்தான் திட்டமே. அதை வெட்டினால் மிஞ்சுவது டி-சட்டையும் பதாகையும்தான்.

ஆகவே கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். சென்ற ஆண்டு இணைந்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டைத் தாண்டினார்கள்? வழிகாட்டி விலகினால் அந்த இளையரைப் பொறுப்பேற்பது யார்? அடுத்த ஆண்டுக்கான பணம் கையில் இருக்கிறதா? தெளிவான பதில் தரும் அமைப்புக்கு ஒரே தடவையில் 500 வெள்ளி தருவதைவிட, மாதம் 20 வெள்ளி என ஜைரோ மூலம் மூன்றாண்டு தருவது பெரிய உதவி. பணம் தர இயலாதவர்கள் நேரம் தரலாம். ஆனால் ஓராண்டுக்காவது நிலைத்திருக்க முடியும் என்றால் மட்டுமே முன்வர வேண்டும்.

பழைய நண்பர்கள் யாரும் நிதி கேட்பதில்லை. அவர்களின் அழைப்பு வாரந்தோறும் தவறாமல் வந்துவிடும். நல்லவர்களின் அழைப்பும் அப்படித் தவறாமல் வர வேண்டும் என்றால், அதற்கான செலவைச் சமூகம்தான் ஏற்க வேண்டும்.