பிடிக்கவும் விடவும் தெரிந்த முடிச்சு

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவு, அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு விரலைப் போல நீண்டுகிடக்கிறது. அந்த விரலின் நுனிதான் மொன்டாக். 1796-இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே ஒளிர்கிறது. இலையுதிர்கால இரவுகளில் அதன் கீழே, அலை உடையும் பாறைகளில் ஏறி நின்று சிலர் தூண்டில் வீசுவார்கள். அவர்கள் தேடுவது ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடலில் ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் மீன் இது. நம் ஊர்க் கொடுவாவைப் போல ஆற்றையும் கடலையும் அறிந்தது. ஆனால் வழி தலைகீழ்: கொடுவா முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும்; பாஸ் ஆற்றுக்குள் ஏறும்.

அவர்கள் தூண்டிலில் பெரும்பாலும் புழுவோ இறாலோ இருக்காது. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ‘லூர்’ இருக்கும். பொய்மீன் என்று சொல்லலாம். எடை ஒரு கோழிமுட்டைக்குச் சற்று மேல். இந்தப் பொய்மீனைத் தூண்டில் நரம்பில் கட்டுவதுதான் இங்கே கலை. கட்டு இறுக்கமாகப் பிடிக்கவும் வேண்டும். பொய்மீன் நீந்த வழி விடவும் வேண்டும்.

முதலில் நரம்பைப் பார்ப்போம். அலைக்கரையில் இன்று பலரும் கையாள்வது பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நரம்பு. பால் கவர் செய்யும் அதே வேதிப்பொருள்தான். மூலக்கூறுச் சங்கிலிகள் மட்டும் மிக மிக நீளம். எடைக்கு எடை ஒப்பிட்டால் எஃகைவிடப் பல மடங்கு வலிமை. 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ தாங்கும் நரம்பின் விட்டம் ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர். ஒரு முழு கேஸ் சிலிண்டரின் எடையில் ஏறக்குறைய பாதியை, தையல் நூல் பருமனில் ஓர் இழை தாங்குகிறது!

ஆனால் வலிமையான இந்த இழைக்கு ஒரு குறை உண்டு. அது வழுக்கும். முடிச்சைப் பிடித்து நிறுத்துவதோ உராய்வு. முரண்டு பிடிக்கும் மாட்டை நேராக இழுத்தால் நாம்தான் இழுபடுவோம்; கயிற்றை மரத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஒரு சிறுவனே பிடித்துக்கொள்வான். ஒவ்வொரு சுற்றும் பிடியைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் பிடி மூன்றரை மடங்கு, இரண்டு சுற்றில் 12 மடங்கு, ஐந்து சுற்றில் 500 மடங்குக்கும் மேல். உராய்வு எண் பாதியாகக் குறைந்தால்? அதே ஐந்து சுற்றில் வெறும் 23 மடங்கு. பழைய பிடி திரும்ப வர, பத்துச் சுற்று வேண்டும். நைலானில் நன்றாக நின்ற முடிச்சு பின்னல் நரம்பில் நழுவிவிடுவது இதனால்தான்.

பின்னல் நரம்புக்கு இன்னொரு பகை பாறை. அதன் நுண்ணிழைகள் தலைமயிரைவிட மெல்லியவை. கொட்டலசு ஒட்டிய பாறையில் ஒருமுறை உரசினால் பிய்ந்துபோகும். அதனால் கடைசி மூன்று நான்கு அடிக்கு வேறு நரம்பை இணைக்கிறார்கள். இதன் பெயர் ‘லீடர்’. நாம் முன்னிழை என்போம். ஃபுளோரோகார்பன் அல்லது தடித்த நைலானால் ஆனது. ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5-க்கும் மேல். நீரின் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவு கண்ணுக்குத் தட்டுப்படாது.

தடித்த முன்னிழையையும் மெல்லிய பின்னலையும் எப்படிச் சேர்ப்பது? இதற்கு ‘எஃப்ஜி’ முடிச்சு என்றொன்று இருக்கிறது. இதில் முன்னிழை வளைவதே இல்லை. நேராக நிற்கும் அதன் மேல் பின்னல் நரம்பை இடமும் வலமுமாக இருபது முறை போலச் சுற்றுகிறார்கள். இழுக்க இழுக்க அந்த வலை சுருங்கி முன்னிழையைக் கவ்வும். ஓலையில் பின்னிய குழாய்ப் பொம்மைக்குள் விரலை விட்டு இழுத்தால் இறுகுமே, அதே தந்திரம். முடிச்சும் மெலிந்திருப்பதால், வீசும்போது தூண்டில் கழியின் வளையங்களில் தட்டாமல் வழுக்கிச் செல்லும்.

வளையாமல் இருப்பதில் என்ன லாபம்? முடிச்சிட்ட இழை எங்கே அறும் என்று போலந்து, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூண்டில் நரம்போடு வேகவைத்த ஸ்பகெட்டியிலும் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார்கள்! முடிச்சுக்குள் இழை நுழையும் வாசலருகே, வளைவு மிகக் கடுமையான இடத்தில்தான் அறுந்தது. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குவதும் காரணத்தோடுதான். உலர்ந்த நைலான் உரசிச் சூடாகி வலுவிழக்கும். ஈரம் அதைத் தடுக்கிறது.

இனி பொய்மீனின் மூக்கு. இழுக்கும்போது அதன் தாடைத் தகட்டில் நீர் மோதி, இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்களாகப் பிரியும். அதனால் பொய்மீன் அடிபட்ட மீனைப் போலத் தள்ளாடும். பாஸின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு அந்த அதிர்வைக் கும்மிருட்டிலும் வாங்கிக்கொள்ளும். மூக்கை முடிச்சால் இறுக்கிவிட்டால் தள்ளாட்டம் செத்துவிடும். ஃபின்லாந்தின் லாவ்ரி ரபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி ஒரு பொய்மீன் செய்தார். அவர் பெயரால் வழங்கும் முடிச்சு மூக்கைத் தொடுவதே இல்லை; சிறு கண்ணி ஒன்றை விட்டு, அதில் பொய்மீனை ஊசலாட விடுகிறது.

அலைக்கரையில் நிற்பவர்கள் கண்ணிக்குப் பதிலாகக் கம்பியாலான ‘ஸ்னாப்’ என்னும் சிறு கொக்கியை மாட்டுகிறார்கள். குளிரில் விரைத்த விரலால் இருட்டில் முடிச்சுப் போடுவது கடினம். கொக்கியில் நொடியில் பொய்மீனை மாற்றலாம். அதன் முனை கூராக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும், அப்போதுதான் மூக்கு இரு பக்கமும் வழுக்கி ஆடும். அளவும் சிறிதாக வேண்டும். கனத்த இரும்பு மூக்கில் தொங்கினால் சிறிய பொய்மீன் தலை கவிழ்ந்துவிடும்.

இத்தனை நுணுக்கமும் எதற்கு? 1982 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியின் கல்லணையில் நின்று ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் 35.6 கிலோ பாஸைப் பொய்மீனால் பிடித்தார். உலக சாதனையாக அது 2011 வரை நின்றது. அவர் நரம்பு 20 பவுண்டு வகை, அதாவது சுமார் 9 கிலோதான் தாங்கும். ஆனாலும் அது அறவில்லை. நீரில் மீனின் எடை மிதப்பில் கரைந்துவிடும். மீன் மிஞ்சி இழுத்தால், நரம்பைச் சுற்றிவைக்கும் சுருளியின் பிடிப்பு வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும். அங்கேயும் அதே பாடம்: பிடி, விடு.

சுற்றுகளின் பிடியை நம்பச் சிரமமாக இருந்தால், மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் ஒரு சணல் கயிற்றை இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரு முனையில் அரை வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டு, மறுமுனையை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். வாளி இறங்காது.