கொந்தளிப்புத் தாரைச் சுடரில் லேசர் அளவீடும் உறுதியின்மையும்

முன்னுரை

ஆவடியில் உருவாகும் பீரங்கி வண்டிகளின் டீசல் எஞ்சினுக்குள் எரிபொருள் தாரையாகப் பீய்ச்சப்பட்டுக் கொந்தளிப்புடன் எரிகிறது. இத்தகைய எரிதலைக் கணிக்கும் கணினி மாதிரிகள், ஆய்வகத்தின் எளிய வாயுத் தாரைச் சுடர்களில் பெறப்பட்ட அளவீடுகளைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. சுடருக்குள் நுழைக்கப்படும் வெப்ப மின்னிரட்டை ஓட்டத்தைக் குலைக்கும். விரைந்த மாற்றங்களையும் பின்தொடராது. எனவே லேசர் துணையாகிறது.

அளவீட்டு முறை

லேசர் துடிப்பு பாயும்போது மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் மாறாத ராலே சிதறலிலிருந்து வெப்பநிலை கணிக்கப்படுகிறது. சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கண்டறிந்த, அலைநீளம் மாறும் சிதறல், எவ்வாயு எவ்வளவு உள்ளது என்பதைக் காட்டுகிறது.

உறுதியின்மை

மாறா அழுத்தத்தில் 300 கெல்வின் வாயு 2100 கெல்வினுக்குச் சூடேறினால், அடர்த்தி குறைந்து ராலே ஒளி ஏழில் ஒரு பங்காகிறது. இராமன் ஒளி அதனினும் பன்மடங்கு மங்கலானது. 10,000 ஒளித்துகள்கள் எண்ணப்பட்டால் புள்ளியியல் பிழை 1 விழுக்காடு. 100 மட்டும் கிடைத்தால் 10 விழுக்காடு. பல துடிப்புகளின் சராசரியில் இப்பிழை தணியும். ஆயினும் சுடரின் ஏற்ற இறக்கத்தை அளக்கும்போது, கருவியின் இரைச்சலும் அதனுடன் சேர்ந்து அதை மிகுத்துக் காட்டும். மாறாக, லேசர் கற்றையின் பருமனைவிட நுண்ணிய சுழல்கள் சராசரியில் கரைந்து அதைக் குறைத்துக் காட்டும். இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று மறைக்கவும் கூடும்.

முடிவுரை

வெப்பநிலை அறியப்பட்ட சீரான சுடரில் கருவியின் இரைச்சலைத் தனியே அளந்து கழிப்பது இன்றியமையாதது. உறுதியின்மை குறிக்கப்படாத அளவீட்டைக் கொண்டு, பிழை மாதிரியில் உள்ளதா அளவீட்டில் உள்ளதா என்று தீர்மானிக்க இயலாது.