மாஜுலி: ஆற்றுக்கு நடுவே மூன்று நாள்

ஓய்வு பெற்றவனுக்குத் தனியாக ஓய்வு எதற்கு என்று கேட்பவர்கள் கௌஹாத்தியில் ஒரு மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும். ஹாரன் சத்தம், தூசி, எங்கு திரும்பினாலும் கட்டட வேலை. அதிலிருந்து தப்பிக்கத்தான் சென்ற ஜனவரியில் நானும் என் மனைவியும் மாஜுலிக்குக் கிளம்பினோம். பிரம்மபுத்திரா நடுவே இருக்கும் இந்தத் தீவு 2016 முதல் தனி மாவட்டம்.

ஜனசதாப்தியில் ஜோர்ஹாட் போய் இரவு தங்கினோம். அங்கிருந்து நிமாத்தி படகுத்துறை சுமார் 14 கிலோமீட்டர். மறுநாள் காலை ஃபெர்ரியில் எங்களோடு மோட்டார் சைக்கிள்கள், ஒரு கார், அரிசி மூட்டைகள், இரண்டு ஆடுகள். ஒரு மணி நேரத்தில் கமலாபாரி. இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது மைனாக்களின் சத்தம்தான்.

தங்கியது ஒரு மிசிங் குடும்பத்தின் மூங்கில் வீட்டில். கால்கள் மேல் தூக்கிக் கட்டிய வீடு. 'சாங் கர்' என்பார்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் அடியில் ஓடிவிடும். மற்ற நாளில் அங்கே தறியும் கோழிகளும். நாங்கள் சைவம் என்றதும் சோறு, பருப்பு, கீரை, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு வந்தன. இத்தனை வருஷம் அஸ்ஸாமில் இருந்தும் அந்த எண்ணெயோடு என் மனைவிக்கு இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாய் கைகொடுத்தது.

சங்கரதேவர் வழிவந்த வைணவ மடங்களுக்கு இங்கே 'சத்ரா' என்று பெயர். நம் சத்திரமும் அதே சொல்லில் பிறந்ததுதான். ஆவுனியாட்டி சத்ரா 1653-இல் ஏற்பட்டது. சாமகுரி சத்ராவில் மூங்கில், துணி, களிமண், சாணம் கொண்டு ராவணன், கருடன் முகமூடிகள் செய்கிறார்கள். இக்கலைக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

எனக்கு மனம் நின்றது ஆற்றங்கரையில். கரைமண்ணைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். வெறும் மணலும் வண்டலும். கையில் பிடித்தால் உதிர்கிறது. வெள்ளம் ஏறும்போது மட்டுமல்ல, வடியும்போதும் ஆபத்து. ஊறிய கரைக்கு நீரின் தாங்கல் போனதும் வீட்டோடு சரிகிறது. 1950 பூகம்பம் மலைச்சரிவுகளைக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டியது. படுகை உயர்ந்தது, அரிப்பு கடுமையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்த தீவில் இன்று பாதிகூட இல்லை. கான்கிரீட் கம்பங்களைக் குறுக்காகப் பிணைத்த 'பார்க்குபைன்'களை வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்து வண்டலைப் படியவைக்கும் உபாயம். சில இடங்களில் பலித்திருக்கிறது. சில இடங்களில் அவையே சாய்ந்து கிடக்கின்றன.

எங்கள் வீட்டுக்காரர் மூன்று முறை வீட்டைப் பிரித்துப் பின்னால் நகர்த்திக் கட்டியவர். ஜோர்ஹாட்டிலிருந்து பாலம் கட்ட 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிமாத்தி அருகே இரண்டு படகுகள் மோதி உயிர்ச்சேதமும் ஆயிற்று. "பாலம் வந்தால் இந்த அமைதி போய்விடுமே" என்றாள் என் மனைவி.

அவர் சிரித்தார். "பாய்தேவ், நீங்கள் நாளை மறுநாள் போய்விடுவீர்கள். நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் நாங்கள் எந்தப் படகைத் தேடுவது?" 'பாய்தேவ்' என்றால் அக்கா. அக்காவிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்வேன். போகிபீலில் 2018-இல் திறந்த பாலத்துக்கு, இருபுறமும் கைட் பண்ட் போட்டு ஆற்றை நெருக்கிப் பிடித்துத்தான் தூண்கள் நிறுத்தினார்கள். மாஜுலியிலும் பாலம் வரட்டும். கூடவே கரையும் காப்பாற்றப்படட்டும். கரை போனபின் பாலம் எந்த ஊருக்கு?

போக நினைப்பவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். கம்பளி அவசியம், டார்ச் லைட் உதவும். திரும்பும் படகு எதிர்நீச்சலில் வருவதால் கூடுதல் நேரமாகும். கடைசிப் படகு பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடும். துறையில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.