சொட்டும் நீரை வீணாக்கலாமா?

கண்டி குளிர்ந்த நகரம் என்று வெளியூரார் புகழ்வதுண்டு. ஆயினும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இப்பள்ளத்தாக்கில் கொங்கிரீட் கூரையின்கீழ் வாழ்வோர்க்கு அப்புகழ் நினைவில் நிற்பதில்லை. குளிர்சாதனம் வாங்குகின்றனர், மாத முடிவில் மின்கட்டணத்தைக் கண்டு திகைக்கின்றனர். இச்செலவைச் சிறிதேனும் குறைக்க வழியுண்டா?

நம் பாட்டிமார் மண்பானையில் நீரைக் குளிரவைத்த முறையை எண்ணிப் பாருங்கள். பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டு செல்கிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக வேண்டிய வெப்பம், ஏறக்குறைய ஆறு லீற்றர் பனிநீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! நம் மலைகளிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கொழுந்தை உருட்டும் அறைகளில் நீரைப் புகைபோலத் தெளித்து வெப்பத்தைத் தணிக்கும் வழக்கம் உண்டு.

அவ்வாறாயின், ஈரத் திரை வழியே காற்றை வீசும் விசிறிப் பெட்டி ஒன்று போதாதா? வட இந்தியாவின் வறண்ட கோடையில் அது பெரும் பயன் தரும். 40 பாகை வெப்பமும் 20 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றை அம்முறையால் 22 பாகை வரை குளிர்விக்க இயலும். கண்டியிலோ, 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதன் 70 சதவீதமாயின், 25 பாகைக்குக் கீழே கொண்டுவர இயலாது. மூடிய அறையில் புழுக்கமே மிகும்.

ஆனால் நம்மைத் துன்புறுத்தும் அந்த ஈரமே நமக்கு உதவவும் கூடும். குளிர்சாதனத்தின் குழாயிலிருந்து சொட்டுவது காற்றிலிருந்து பிரிந்த நீரே. அது குளிர்ந்தது, உப்புப் படியாதது. வெளிப்பெட்டியின் சூடான சுருளில் அது விழுந்தால், காற்று ஈரமாயினும் விரைவில் ஆவியாகும். பொறியின் சுமை சற்றுக் குறையும். சன்னலிற் பொருத்தும் சில பொறிகளில் விசிறியின் வளையமே இந்நீரை வாரிச் சுருள்மேல் எறிகிறது. நாமோ அதனை வடிகாலில் விடுகிறோம்!

எனினும் இதனை நீங்களே செய்ய முற்படாதீர்கள். மின்பகுதிகளில் நீர் படுவது ஆபத்தானது. தேர்ந்த தொழிலாளரைக் கொண்டே செய்வியுங்கள். குழாய்நீரைத் தெளித்தால் உப்புப் படிந்து சுருள் கெடக்கூடும். நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக வடிகட்டியைத் துப்புரவு செய்யுங்கள். வெளிப்பெட்டிக்குக் காற்றோட்டம் தடைப்படாதபடி நிழல் கொடுங்கள். மேற்குச் சுவரோரம் ஒரு மரத்தையும் நட்டு வையுங்கள். இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிக் குளிர்ச்சி தரும் அதற்கு மின்கட்டணம் இல்லை!