குடிநீர்க் கணக்கில் சேர்வன எவை?

கோடையில் களையெடுக்கும் வயல்களுக்குச் செல்லும்போது, நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்துகின்றீர்கள் என்று நாம் வினவுவதுண்டு. 'இரண்டு செம்பு' என்பர். காலையில் பருகிய நீராகாரமும் இடைவேளை மோரும் அக்கணக்கில் வாரா.

அவையும் சேர்வனவே. இரண்டிலும் பெரும்பகுதி நீர். இடுகின்ற உப்பு, வியர்வையில் கழியும் உப்பை ஓரளவு ஈடுசெய்கின்றது. இளநீரும் சேரும். தேநீரும் காப்பியும் உடலின் நீரை வற்றச் செய்யும் என்பார் பலர். அளவோடு அருந்தினால் அவ்வாறு நிகழ்வதில்லை. ஆயினும் 100 மில்லிலிட்டர் கொள்ளும் கடைக் குவளையில் பத்து முறை குடித்தால்தான் ஒரு லிட்டர். அத்தனை சர்க்கரை யாருக்கு ஆகும்? அலுப்புத் தீரவென்று அருந்தும் மதுவைக் கணக்கில் சேர்த்தலாகாது. அது சிறுநீரைப் பெருக்கும்.

உணவிலுள்ள நீரையும் கூட்டி ஆடவர்க்கு 2.5 லிட்டர், மகளிர்க்கு 2 லிட்டர் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் வகுத்தது. அது மிதமான வெப்பத்தில் மிதமாக உழைப்போர்க்கு உரியது. நமது வெயிலில் உழைப்போர்க்குப் போதாது. சிறுநீர் அடர்மஞ்சளாயின் குடித்தது குறைவென்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மகளிர் பலர், ஒதுங்க மறைவிடம் இன்மையால் வேண்டுமென்றே நீரைக் குறைக்கின்றனர். இதற்கு எந்தக் கணக்கும் பயன்படாது. ஊராட்சி வேலைத்தளங்களில் நிழலில் வைக்கும் தண்ணீர்ப் பானையோடு, மகளிர்க்கு ஒரு மறைப்புக் கழிப்பிடமும் அமைக்க உறுப்பினர்கள் முன்வரல் வேண்டும்.