போத்தலுக்குள் போன மலையும் மிஞ்சிய மலைகளும்



கோடை விடுமுறை தொடங்கினால் ரொறன்ரோவில் இருந்து சிக்காகோவுக்கு வாகனத்தில் போகும் எங்கள் சனம் ஏராளம். அங்கே ஒரு கலியாணம் இருக்கும், அல்லது இருபது வருடமாக முகம் காணாத ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் இருப்பார். எல்லையில் கடவுச்சீட்டுகளைக் காட்டி, மிச்சிகன் மாநிலத்தைக் குறுக்காகக் கடந்து, 94ஆம் இலக்கப் பெருஞ்சாலையில் போனால், சிக்காகோவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும் இடத்தில் செஸ்ரரன் என்ற சின்னப் பட்டணம் வரும். நானும் பல தடவை அதை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். ஒருமுறை பின் இருக்கையில் பிள்ளைகளின் சண்டை தாங்காமல் வடக்குப் பக்கம் திருப்பினேன். சில நிமிடத்தில் இந்தியானா டியூன்ஸ் மாநிலப் பூங்காவின் வாசலில் நின்றோம். டியூன்ஸ் என்றால் மணற்குன்றுகள்.

எங்களுடன் வந்த மாமி வடமராட்சிக் கிழக்கில் பிறந்து வளர்ந்தவர். கரையில் இறங்கி நின்று, "அக்கரை தெரியேல்லை, அலை அடிக்குது, மணலும் மலைமலையாக் கிடக்குது. ஆனா உப்புக் காத்தையே காணேல்லையே!" என்றார். அவர் பார்த்தது கடல் அல்ல, மிச்சிகன் ஏரி. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமானது. அதன் தென்முனையில்தான் இந்தப் பூங்கா இருக்கிறது.

இத்தனை மணல் எங்கிருந்து வந்தது? பனியூழிக் காலத்தில் இந்தப் பகுதியை மூடியிருந்த பெரும் பனிப்பாளங்கள் உருகி வடக்கே பின்வாங்கியபோது, அவை அரைத்த கல்லும் மண்ணும் இங்கே மிஞ்சின. ஏரியின் அலைகள் அந்த மணலைக் கரையோரமாகத் தெற்கே தள்ளின. வடமேற்குக் காற்று உலர்ந்த மணலைத் தூக்கி உள்ளே போட்டது. ஆனால் காற்று மட்டும் குன்றைக் கட்டாது, பிடித்துவைக்க ஒரு செடி வேண்டும். மணற்காட்டில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் செய்கிற வேலையை இங்கே மாரம் என்கிற ஒருவகைப் புல் செய்கிறது. மணல் தன்னை மூட மூட அந்தப் புல் மேலே மேலே வளரும். வேர் பக்கவாட்டில் பரவி மணலைப் பின்னிக் கட்டும். காற்றைத் தாங்கும் அந்தப் புல் மனிதர் காலடியைத் தாங்காது. ஆட்கள் மிதித்த இடத்தில் புல் செத்து, அந்த வாயிலால் காற்று புகுந்து குன்றையே குடைந்துவிடும். வழி குறித்த பாதையை விட்டு விலகாதீர்கள் என்று அங்கே பலகை வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிக்காகோ பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் ஹென்றி கௌல்ஸ் இந்தக் குன்றுகளைக் கால்நடையாகவே ஆராய்ந்து, 1899இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஏரிக்கரையில் வெறும் மணல். கொஞ்சம் உள்ளே புல். அதன் பின்னால் பருத்திமரம் எனப்படும் கொட்டன்வூட், பிறகு பைன், கடைசியில் கருவாலிக் காடு. கரைக்குக் கிட்ட இருப்பது இளைய நிலம், உள்ளே இருப்பது மூத்த நிலம். ஆகவே கரையில் இருந்து உள்நோக்கி நடப்பவர் பல ஆயிரம் வருடங்களை ஒரு பின்னேரத்தில் நடந்து முடிக்கிறார். ஒரு செடிக்கூட்டம் அடுத்ததற்கு இடம் தயாரித்துக் கொடுக்கிறது என்ற அந்தக் கருத்து, இன்று உலகம் முழுவதும் பள்ளிக்கூடங்களில் சூழலியல் பாடத்தில் இருக்கிறது.

இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதையும் சொல்லவேண்டும். பொற்றவற்றோமி என்ற ஆதிக்குடி மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். ஒப்பந்தங்கள் என்ற பெயரில் அவர்களின் நிலம் துண்டு துண்டாகப் பறிபோனது. தென்கிழக்கே ருவின் லேக்ஸ் என்ற இடத்தில் இருந்த தலைவர் மெனோமினி மட்டும் கையெழுத்திட மறுத்தார். 1838 ஓகஸ்ட் இறுதியில் கூட்டம் என்று சொல்லி அழைத்து, ஆயுதக்காரர் சுற்றிவளைத்துக்கொண்டார்கள். செப்ரெம்பர் 4ஆம் திகதி 859 பேரைத் துப்பாக்கி முனையில் மேற்கே நடத்திப் போனார்கள். வரட்சிக் காலம், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 1,060 கிலோமீற்றர் தாண்டி நவம்பர் 4ஆம் திகதி கன்சாஸ் போய்ச் சேர்ந்தபோது நாற்பதுக்கு மேற்பட்டோர் வழியில் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். மரணப் பாதை என்று அதற்குப் பெயர். எல்லோரையும் துரத்த முடியவில்லை. பொக்காகன் பிரிவினர் தங்கிவிட்டார்கள், அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மிச்சிகனின் தென்மேற்கிலும் இந்தியானாவின் வடக்கிலும் வாழ்கிறார்கள். அவர்களுடைய தனி உரிமையை அமெரிக்க அரசு மீண்டும் ஏற்றுக்கொண்டது 1994இல்தான். இதைச் சொன்னபோது எங்கள் வாகனத்தில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

இனித் தலைப்பில் சொன்ன மலைக்கு வருகிறேன். பூங்காவுக்குக் கிழக்கே மிச்சிகன் சிற்றி என்ற ஊரில் ஹூசியர் ஸ்லைட் என்று ஒரு மணல்மலை இருந்தது. ஏறத்தாழ 60 மீற்றர் உயரம், இந்தியானாக் கரையிலேயே பெரியது. சனங்கள் கப்பலிலும் புகையிரதத்திலும் வந்து அதில் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். அந்த மணல் கண்ணாடி வார்க்க உகந்தது என்று கண்டதும் மலைக்குக் கேடு வந்தது. 1890 அளவில் தொடங்கி 1920 வரை புகையிரதப் பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். மன்சி நகரத்து போல் சகோதரர்களின் தொழிற்சாலையில் அது பழம் பதனிடும் போத்தல்களாயிற்று. வேறொரு தொழிற்சாலையில் யன்னல் கண்ணாடியாயிற்று. முப்பது வருடத்தில் ஒரு மலை இல்லாமலே போய்விட்டது! பின்னர் அந்த இடத்தில் மின் நிலையம் எழுந்தது. அமெரிக்காவில் பழைய சாமான் கடைகளில் இளநீல நிறத்தில் போல் போத்தல் கண்டால், அதற்குள் அந்த மலையின் ஒரு பிடி இருக்கவும் கூடும்.

மற்றக் குன்றுகளுக்கும் அதே கதி வரும் என்று பலர் விளங்கிக்கொண்டார்கள். 1916 ஒக்ரோபர் 30ஆம் திகதி, தேசிய பூங்காச் சேவையின் முதற் பணிப்பாளர் ஸ்ரீபன் மேதர் சிக்காகோவில் ஒரு விசாரணை நடத்தினார். கௌல்ஸ் உட்பட 42 பேர் பேசினார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஆனால் அடுத்த ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. முதலில் நாட்டைக் காப்போம், குன்றை அப்புறம் பார்ப்போம் என்று விடயம் கிடப்பில் போனது.

கிடப்பில் போனதைத் தூக்கி எடுத்தவர்களில் முக்கியமானவர் பெஸ் ஷீஹன் என்ற பெண்மணி. தேசிய பூங்கா கிடைக்காவிட்டால் மாநிலப் பூங்காவாவது வேண்டும் என்று மாதர் சங்கங்களைத் திரட்டினார், மாநிலச் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். மாநிலப் பூங்காக்களின் தந்தை எனப்படும் றிச்சட் லீபரும் துணை நின்றார். 1923இல் சட்டம் நிறைவேறியது, 1925இல் பூங்கா உருவானது. நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் உருக்குக் கம்பனித் தலைவர் எல்பேட் கேரி. அவருடைய பெயரைத் தாங்கிய கேரி நகரமே 1906இல் மணற்குன்றுகளை மட்டமாக்கி எழுப்பப்பட்டதுதான்! இடித்தவர்களின் பணமும் காப்பாற்ற உதவியது என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மாநிலப் பூங்காவுக்குக் கிடைத்தது ஐந்து கிலோமீற்றர் அளவு கரையும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரும்தான். 1952இல் டொரதி புவெல் தன் வீட்டில் 21 பெண்களைக் கூட்டி, மற்றக் குன்றுகளுக்காக ஒரு சபை தொடங்கினார். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாங்கள் சொல்வோம். ஆனால் எதிரே நின்றவை உருக்கு ஆலைகளும் துறைமுகத் திட்டமும். 1960களின் தொடக்கத்தில் நடுப்பகுதிக் குன்றுகளை இயந்திரம் கொண்டு இடித்து உருக்காலை கட்டினார்கள். அந்த மணலின் ஒரு பகுதியைச் சிக்காகோவுக்கு அருகே நோத்வெஸ்ரேன் பல்கலைக்கழகம் வாங்கி, ஏரியை நிரப்பித் தன் வளாகத்தைப் பெருப்பித்தது. அதற்கு முன்பே, 1958 முதல், இலினோய் மாநிலச் செனட்டர் போல் டக்ளஸ் காங்கிரஸில் மன்றாடிவந்தார். பக்கத்து மாநிலத்துக்காரர் எங்கள் காணியில் ஏன் தலையிடுகிறார் என்று இந்தியானா அரசியல்வாதிகள் சினந்தார்கள். கடைசியில் துறைமுகமும் வரட்டும், பூங்காவும் வரட்டும் என்று பேரம் முடிந்தது. 1966இல் மாநிலப் பூங்காவைச் சுற்றியுள்ள கரை தேசிய ஏரிக்கரை ஆனது. 2019 பெப்ரவரி 15ஆம் திகதி அது தேசிய பூங்காவாகத் தரமுயர்ந்தது, மேதரின் விசாரணை நடந்து நூறு வருடம் கழித்து.

இப்போது அங்கே போகிறவர்களுக்குச் சில விடயங்கள். மாநிலப் பூங்காவும் தேசிய பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் நிர்வாகமும் கட்டணமும் வேறு வேறு. மாநிலப் பூங்காவில் வெளியிட இலக்கத்தகடு உள்ள வாகனத்துக்குக் கட்டணம் கூட. கோடையில் வார இறுதி என்றால் வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். கரையில் மதுவுக்கு அனுமதி இல்லை. ஜக்சன், ஹோல்டன், ரொம் என்று மூன்று குன்றுகள் இருக்கின்றன. ரொம் மலை ஏறத்தாழ 58 மீற்றர், மூன்றையும் ஒரே நடையில் ஏறி முடிப்பது இளம் பிள்ளைகளுக்குப் பெரிய போட்டி. மணலில் ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே வழுக்கும், முழங்கால் நோ உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள். உலர்ந்த மணலில் காலை இழுத்து நடந்தால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏரிதானே என்று நினைக்காதீர்கள். 2010க்குப் பிறகு ஐம்பெரும் ஏரிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். எங்களில் கடற்கரையில் வளர்ந்தவர்கள், எனக்கு நீந்தத் தெரியும் என்ற துணிவில் இறங்குவார்கள். உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடிப்பதுபோல் நன்னீர் ஆளைத் தூக்காது. அலைகளும் கடலைவிட நெருக்கமாக வரும், ஒன்றுக்கு மூச்சு வாங்க முன் அடுத்தது முகத்தில் அடிக்கும். வடக்குக் காற்று வீசும் நாளில் அலை மணல்திட்டுக்கு மேலால் தண்ணீரைக் கரைக்குத் தள்ள, அது திட்டில் உள்ள ஓர் இடைவெளியால் வேகமாக வெளியே ஓடும். அந்த ஓட்டம் ஆளை ஆழத்துக்கு இழுக்கும். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடவேண்டாம், களைத்துப் போவீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானமாக்கி, கரைக்குச் சமாந்தரமாக விலகி, ஓட்டம் விட்டபிறகு கரைக்குத் திரும்புங்கள். தெற்குக் காற்று வீசும் நாளில் தண்ணீர் அமைதியாகத் தெரியும். ஆனால் அந்தக் காற்று காற்றடைத்த மிதவைகளைப் பிள்ளையோடு சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும். கோடையில் குறித்த எல்லைக்குள், உயிர்காப்பாளர் நிற்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

மணலிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 2013 யூலையில், தேசிய பூங்காப் பக்கத்தில் உள்ள போல்டி குன்றில் நடந்த ஆறு வயதுப் பையன் திடீரென்று மணலுக்குள் மறைந்துபோனான். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தோண்டி, தெய்வாதீனமாக உயிரோடு எடுத்தார்கள். நகர்ந்து வந்த குன்று முன்பு மூடிய மரங்கள் உள்ளே உக்கி, குழாய்போல் பொந்துகள் விட்டிருந்ததே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். மூடியிருக்கும் பகுதிக்குள் வேலி தாண்டிப் போகவேண்டாம்.

மாமி மலை ஏறவில்லை. கீழே மரநிழலில் இருந்து, கொண்டுபோன புளிச்சாதத்தைப் பிரித்துக் கொடுத்தார். மேலே போன பிள்ளைகள், ஏரிக்கு அப்பால் சிக்காகோவின் உயர்ந்த கட்டடங்கள் பொட்டுப்பொட்டாகத் தெரிகின்றன என்று கத்தினார்கள். சிக்காகோவில் இருந்து வருபவர்களுக்கு வாகனமும் தேவையில்லை, 1908 முதல் ஓடும் சௌத் ஷோர் மின்சாரப் புகையிரதம் பூங்காவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதைக் கேட்டதும் மாமி, "அப்ப அடுத்தமுறை அண்ணர் வீட்டில நிண்டு ரயில்ல வருவம், உங்கட கார்ச் சண்டையும் இல்லை" என்றார்.