பொருந்துறுப்பும் அதன் பிணைப்பளவும்

டி.என்.ஏ. என்பது மரபுச் செய்தியைத் தாங்கும் இழை என்பதைப் பலரும் அறிவர். அவ்விழைக்குப் பிறிதொரு தொழிலும் உண்டு. ஒற்றையிழையாக அமைந்த சிறு துண்டொன்று தன்மேல் தானே மடிந்து ஓர் உருவம் பெறுமாயின், அவ்வுருவத்திற்கு இயைந்த வேறு மூலக்கூறொன்றைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலை அது எய்துகின்றது. எலிங்டன், சோசுடாக் என்னும் அறிஞர் இருவர் இத்தகைய ஆர்.என்.ஏ. துண்டுகளை 1990ஆம் ஆண்டில் கண்டு, 'ஆப்டமர்' எனப் பெயரிட்டனர், டி.என்.ஏ. துண்டுகளும் இத்தொழிலைச் செய்யும் என்பது 1992இல் நிறுவப்பட்டது. இலத்தீனில் 'ஆப்டசு' என்பது பொருந்தியதையும், கிரேக்கத்தில் 'மெரோசு' என்பது உறுப்பையும் குறிக்கும். ஆதலின் இதனைத் தமிழில் 'பொருந்துறுப்பு' என்று வழங்கலாம்.

பொருந்துறுப்பைப் பெறும் முறை தேர்வுமுறையாகும். கோடியைக் கோடியாற் பெருக்கிய அளவினவாகிய வெவ்வேறு தொடர்களை ஒரு கலவையாக்கி, இலக்குப் பொருளோடு சேர்ப்பர். ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, ஒட்டியவற்றைப் பெருக்கி, மீண்டும் மீண்டும் சலிப்பர். எஞ்சுவன சிலவே. எஞ்சியது எத்துணை வலிமையோடு பற்றுகின்றது என்னும் வினா அதன்பின் எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை காணும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பற்றும் வலிமையைக் குறிக்கும் எண்ணைப் 'பிரிநிலை மாறிலி' என்பர். பொருந்துறுப்புகளுள் சரிபாதி இலக்கைப் பற்றியிருப்பதற்குக் கரைசலில் தனித்து நிற்கவேண்டிய இலக்கின் செறிவு யாதோ, அதுவே அம்மாறிலி. இவ்வெண் சிறிதாகுந்தோறும் பிணைப்பு வலிதாகும். குறைந்த செறிவிலேயே பாதி நிறைந்துவிடுகின்றதன்றோ? இலக்கின் செறிவு மாறிலிக்கு ஒன்பது மடங்காயின் நூற்றுக்குத் தொண்ணூறும், ஒன்பதில் ஒரு பங்காயின் நூற்றுக்குப் பத்தும் பற்றியிருக்கும்.

அளக்கும் வழிகள் பல. பற்றும்போது தோன்றும் சிறுவெப்பத்தை அளப்பது ஒன்று. ஒளிரும் சாயத்தின் மாற்றத்தைக் காண்பது ஒன்று. பொன்தகட்டின்மேல் ஒன்றைப் பதித்து, மற்றொன்று வந்து ஒட்டுவதை ஒளியால் அறிவது ஒன்று. எவ்வழியைக் கொள்ளினும் நான்கு நெறிகளைப் போற்றுதல் வேண்டும்.

முதலாவது, காலம். பற்றலும் விடலும் சமநிலை எய்தும்வரை காத்திருத்தல் வேண்டும். வலிய பிணைப்பு மெல்லவே விடுமாதலின், அது சமநிலை எய்தச் சில வேளைகளில் பல மணிநேரம் ஆகும். முந்தி அளப்பின் வலிமை குறைந்தே தோன்றும்.

இரண்டாவது, பொருந்துறுப்பின் அளவு. அது மாறிலியினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும். மெய்ம்மாறிலி 1 நானோமோலார் என்க. பொருந்துறுப்பை 100 நானோமோலார் இட்டால், அதிற் பாதியை நிரப்பவே இலக்கு 50 வேண்டும், தனித்து நிற்க 1 வேண்டும், ஆக 51. இதனை மாறிலி என்று மயங்குவோன் தான் இட்ட பொருளின் அளவையே அளந்தவனாவான்.

மூன்றாவது, சூழல். இரத்தம் உறையத் துணைசெய்யும் திராம்பினைப் பற்றும் பதினைந்து எழுத்துத் தொடர் ஒன்று 1992இல் வெளியிடப்பட்டது. அது மடிந்து உருப்பெறுவதற்குப் பொட்டாசியம் பெருந்துணையாகும். உப்பு மாறின் உருவமும், உருவம் மாறின் பிணைப்பும் மாறுமாதலின், சூழலைக் கூறாத மாறிலி இடஞ்சுட்டாத மேற்கோள் போன்றதாம்.

நான்காவது, ஒப்புநோக்கு. வலிமை வேறு, தெரிந்து பற்றுதல் வேறு. தியோஃபிலின் என்னும் மருந்தும் காப்பியிலுள்ள கஃபீனும் ஒரு மெத்தில் தொகுதியாலன்றி வேறுபடா. எனினும் 1994இல் வெளியான ஆர்.என்.ஏ. பொருந்துறுப்பு ஒன்று, தியோஃபிலினைப் பற்றும் வலிமையிற் பதினாயிரத்தில் ஒரு பங்கே கஃபீனைப் பற்றுகின்றது. இத்தகைய வேறுபாட்டைக் காட்ட இலக்கையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். இழைத்தொடரையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

இந்நெறி பிறழின் விளைவது யாது என்பதற்கு ஆர்சனிக் வரலாறு சான்றாகும். மேற்கு வங்கத்து நிலத்தடி நீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது 1983 முதல் அறியப்பட்டது. குடிநீரில் அதற்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அஃதாவது ஏறத்தாழ 133 நானோமோலார். 2009இல் கொரிய நாட்டு ஆய்வாளர் ஆர்சனிக்கைப் பற்றும் டி.என்.ஏ. பொருந்துறுப்பு ஒன்றை வெளியிட்டு, அதன் மாறிலி சில நானோமோலார் என்றனர். நஞ்சைக் கண்டறியும் கருவிகளை அதன் துணையால் அமைத்த கட்டுரைகள் இரண்டு டசனுக்கு மேல் வெளிவந்தன. 2019இல் கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சோங், லியு இருவரும் வெப்பமுறை, சாயமுறை, பொன்துகள்முறை ஆகிய மூன்றாலும் அதனை ஆராய்ந்தனர். தொடர்பில்லாத பிற டி.என்.ஏ. தொடர்களையும் உடன்வைத்து ஒப்பிட்டனர். அப்பொருந்துறுப்பு ஆர்சனிக்கைத் தனித்துப் பற்றவில்லை என்பதே அவர்தம் முடிபு. முன்னைக் கருவிகள் பலவற்றிற் பொன் பயன்பட்டமையின், ஆர்சனிக் பொன்மீது படிந்ததே பிணைப்பெனத் தோன்றியிருக்கலாம் என அவர் கருதினர்.

பாட ஆராய்ச்சியிற் பழகிய நமக்கு இது புதிதன்று. ஏடெழுதுவோன் ஒருவன் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்தெழுதிய இருபது ஏடுகளிலும் இருப்பின், அவை இருபது சான்றுகள் ஆகா; ஒரு சான்றேயாம். முதலேட்டை வேறு வழிவந்த ஏட்டோடு ஒப்பிட்ட பின்னரே பாடம் துணியப்படும். மாறிலியும் அவ்வாறே வேறு முறையாலும் ஒப்புத்தொடராலும் தேர்ந்த பின்னரே கொள்ளத்தக்கது. நூல்களைச் சங்கப்பலகையில் ஏற்றித் தகுதி கண்டனர் என்னும் மரபு மதுரையில் நெடுங்காலமாக வழங்குகின்றது. கிணற்று நீரை நம்பிப் பருகுவார் பொருட்டு, அறிவியலின் எண்களுக்கும் அத்தகைய பலகையொன்று வேண்டும்.